கால் ஸ்பூன் நெய் ஹல்வாவும் தாதியோட உருது நோட்டும்

வேலூர்னு உருதுல எழுத அஞ்சு எழுத்து போதும். வாவ், யே, லாம், வாவ், ரே. உருதுல எழுதினத தமிழ் எழுத்துல மாத்தி குடுக்க நான் எழுதின ப்ரோக்ராம் கிட்ட இத குடுத்தேன், "வீலூர்"னு துப்புச்சி. உள்ள ஒரு வரிய மாத்தி ஓட்டினேன், "வேலோர்". இன்னொரு வரிய மாத்தினா "வைலௌர்". நடுவுல வர யே-வ ஈ, ஏ, ஐ மூணு மாதிரியும் படிக்கலாம், ரெண்டாவது வாவ ஊ, ஓ, ஔ மூணு மாதிரியும் படிக்கலாம், மூமூணு ஒம்பது. பொறந்து வளந்த ஊருக்கே ஒம்பது பேரு வருதுன்னா அந்த நோட்டுல மிச்சம் இருக்கற வார்த்தைங்களோட கதி இன்னா ஆவும்னு அன்னிக்கி நைட்டு தான் எனக்கு ஒறச்சிது.

நோட்டு எங்க தாதியோடது, அப்பாவோட அம்மா. பேர்ணாம்பட்டுல இருந்தாங்க, மௌத் ஆகி நாலு வருஷம் ஆச்சி. லாங் சைஸ் நோட்டு, அட்டை போச்சி, மொதல் பாதி சமையல், அப்புறம் கை வைத்தியம், அப்புறம் பால் கணக்கு, நடுநடுவுல யாருக்கு எவ்ளோ கடன் குடுத்தாங்கன்னு. எல்லாம் உருது கையெழுத்து. வீட்ல நாங்க பேசறது உருது தான், அதாவது எங்க ஊரு உருது, வேணாம்னா "நக்கோ", ஏன்னா "கைக்கு"ன்னு வர உருது, ஆனா படிச்சது தமிழ் மீடியம். சின்ன வயசுல மக்தப்ல குர்ஆன் ஓத கத்துக்கினதால எழுத்து தெரியும். ஆனா குர்ஆன்ல ஒவ்வொரு எழுத்துக்கும் மேல கீழ ஜபர் ஜேர் பேஷ்னு அ இ உ சத்தத்துக்கு குறி எல்லாம் போட்டிருக்கும், பாத்து ஓதிடலாம். தாதியோட நோட்டுல அது ஒன்னு கூட கெடையாது. மொட்ட மொட்டையா மெய்யெழுத்து மட்டும் நிக்கும். என் வயசு பசங்க ஆம்பூர் வாணியம்பாடி வேலூர்னு ஒரு பதினஞ்சி பேரு இருக்கோம், எல்லாருக்கும் அந்த பாஷை பேச வரும், யாருக்கும் அந்த நோட்டு படிக்க வராது. தடுமாறாம படிக்க தெரிஞ்சது பூப்பு ஒருத்தவங்க தான், அப்பாவோட அக்கா, அவங்களுக்கு கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல எழுத்த பாக்க முடியாது.

சரி, உருத தமிழ் எழுத்துல மாத்தி குடுக்கற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதிடலாம்னு எறங்கினேன். நான் ஒரு ஷூ கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கற ஆளு, எக்செல் மேக்ரோ தெரியும், பைத்தான் யூட்யூப் பாத்து கத்துக்கினது. ரெண்டு நாள் வேலைன்னு நெனச்சேன். ஏழு மாசம் ஆச்சி.

மொதல்ல ஃபோட்டோ எடுத்து எழுத்த படிக்கற ஆப்ல போட்டு பாத்தேன், அது பத்தி பேச ஒன்னும் இல்ல. நஸ்தாலிக் கையெழுத்து வலது மேல இருந்து இடது கீழ சரிஞ்சிகினே வரும், புள்ளி எந்த எழுத்துக்கு சொந்தம்னு மனுஷனுக்கே சந்தேகம் வரும். அதனால ஆபா தான் காப்பாத்தினாங்க, என் அக்கா, மதரஸாவுல படிச்சவங்க, ஒக்காந்து ஃபோன்ல உருது கீபோர்டு போட்டு டைப் பண்ணி தினம் ஒரு பக்கம் அனுப்பினாங்க. இங்கயே மொத அடி. ஆபா ஃபோன்ல ஒரு கீபோர்டு, அவங்க பொண்ணு ஃபோன்ல வேற கீபோர்டு, ஒன்னு உருது யே போடுது இன்னொன்னு அரபி யே போடுது. வார்த்தை நடுவுல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி ரெண்டு புள்ளியோட தான் தெரியும், கடைசில வந்தா தான் அரபி யே-க்கு கீழ புள்ளி இருக்கும், உருதுக்கு இருக்காது. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற நம்பர். காஃப், ஹே ரெண்டுலயும் இதே தகராறு. "நமக்"னு தேடினா பாதி உப்பு கெடைக்குது பாதி உப்பு கெடைக்கல. எல்லா அரபி யே-யும் உருது யே ஆக்கு, 0643னு வர அரபி காஃப உருது காஃப் ஆக்கு, 0647ன்ற ஹே-வ சின்ன ஹே ஆக்குன்னு மூணு வரி மேல போட்டதும் அது சரியாச்சி. யாராவது இந்த மாதிரி வேலை பண்றதா இருந்தா இத மொதல்ல பண்ணுங்க, நான் ஒரு வாரம் கழிச்சி தான் கண்டுபிடிச்சேன்.

அடுத்தது அசல் வேலை. மெய்யெழுத்துக்கு ஒரு டேபிள், பே வந்தா ப், தே வந்தா த், அப்டியே. உயிருக்கு மூணே ரூல் வெச்சேன். அலிஃப் வந்தா ஆ, யே வந்தா ஈ, வாவ் வந்தா ஊ, ஒன்னும் இல்லன்னா அ. ஓட்டினா இன்னா வந்துச்சின்னா, உப்பு "நமக்" சரியா வந்துச்சி, பால் "தூத்" சரியா வந்துச்சி, நான் சந்தோஷமா டீ குடிக்க போயிட்டேன், வந்து பாத்தா மிளகா "மரச்", கறி "கூஷத்", எண்ணெய் "தீல்", வெங்காயம் "பீஆஜ்", அரிசி "சாஊல்", மைதா "மீதஹ்". ஹல்வா "ஹலூஆ". இத ஃபேமிலி க்ரூப்ல போட்டேன், ரெண்டு நாள் என்ன யாரும் பேர் சொல்லி கூப்பிடல, ஹலூஆன்னு தான் கூப்டாங்க.

கொஞ்சம் சரி பண்ணேன். வாவுக்கு பின்னாடி அலிஃப் இருந்தா அது வ, அலிஃபுக்கு பின்னாடி வாவ் வந்து இன்னொரு மெய் வந்தா அதுவும் பெரும்பாலும் வ, அதே மாதிரி யே-க்கு ய. சாவல், ஹல்வா, ப்யாஜ் மூணும் கரைக்கு வந்துச்சி. கடைசில வர சின்ன ஹே நெறைய எடத்துல ஹே-வே இல்ல, ஆ சத்தம் தான், ஜீரா கீமா மைதா எல்லாம் அப்டி, அதுக்கு ஒரு ரூல். இந்த லெவல்ல நம்பிக்கையா ரவை ஹல்வா பக்கத்த மாத்தி சித்தப்பா பொண்ணுக்கு அனுப்பினேன். அதுல ஒரு வரி "பூன் பாவ் கீ"ன்னு வந்திருக்கு. கீ நெய், பாவ் கால், அது அவளுக்கு தெரியும். பூன் இன்னான்னு யோசிச்சிருக்கா, ஸ்பூன்ல ஸ் விட்டு போச்சின்னு அவளே முடிவு பண்ணி கால் ஸ்பூன் நெய் ஊத்தி ஹல்வா கிண்டிட்டா. அது ஹல்வா இல்ல, சுவத்துக்கு பூசற கலவை. தட்டுல இருந்து எடுக்க முடியாம தட்டோட ஊற வெச்சாங்களாம்.

அது பூன் இல்ல, பௌன். முக்கால். பௌன் பாவ்னா கால்ல முக்கால் பங்கு, கால் கிலோன்னு வெச்சா நூத்தி எம்பத்தேழரை கிராம் நெய். கால் ஸ்பூன் எங்க, நூத்தி எம்பத்தேழு கிராம் எங்க. பே, வாவ், நூன், மூணே எழுத்து, நடுவுல இருக்கற வாவ் ஊ-வா ஔ-வான்றதுல ஒரு ஹல்வா போச்சி. தாதி காலத்து அளவெல்லாம் இப்டி தான், ஸவா, டேட் (ஒன்னரை), டாயி (ரெண்டரை), பௌன்னு, முழு நம்பரே கம்மி. ஸவான்னா ஒன்னேகால், ஆனா அதே ஸீன் வாவ் அலிஃப "ஸிவா"ன்னும் படிக்கலாம், அதுக்கு 'தவிர'ன்னு அர்த்தம். "ஸவா சேர் சாவல்"னா ஒன்னேகால் சேர் அரிசி, "ஸிவா"ன்னு படிச்சா அரிசிய தவிர மிச்சத்த போடுன்னு ஆயிடும்.

கோவம் வந்து டீஃபால்ட்ட திருப்பி போட்டேன். யே வந்தா ஏ, வாவ் வந்தா ஓ. தேல் சரியாச்சி, சேர் சரியாச்சி, கோஷ்த் சரியாச்சி. உடனே ஜீரா "ஜேரா" ஆச்சி, தூத் "தோத்" ஆச்சி, எல்லாத்துக்கும் மேல பெருநாளைக்கு பண்ற ஷீர் குர்மா "ஷேர் கர்மா" ஆச்சி. ஷீர்னா பால், குர்மான்னா பேரீச்சம்பழம், ரெண்டும் ஃபார்ஸி, அதாவது பாரசீகம். ஷேர்னா சிங்கம். சிங்கத்தோட கர்மா. இதுவும் க்ரூப்ல போச்சி, அத விடுங்க.

இதுக்கு மேல தனியா முட்டிக்கினா ஆவாதுன்னு வேலூர் சைதாப்பேட்டைல எங்களுக்கு தெரிஞ்ச ஹஜ்ரத் ஒருத்தர் கிட்ட லேப்டாப்ப தூக்கினு போனேன். ரிட்டயர் ஆனவர், பல வருஷம் பசங்களுக்கு உருது சொல்லி குடுத்தவர். நான் காட்டின லிஸ்ட்ட பாத்துட்டு, "இன்னா பேட்டா, நீ மூணு வாவையும் ஒரே வாவா நெனச்சிகினு இருக்க"ன்னாரு. மூணு வாவா, எழுத்து ஒன்னு தானே ஹஜ்ரத்ன்னேன். "எழுத்து ஒன்னு தான். வேலை நாலு"ன்னு சொல்லிட்டு என் நோட்டுல எழுதி காட்டினாரு.

ஊ சத்தம் குடுக்கற வாவுக்கு பேரு வாவே மஃரூஃப். ஓ குடுத்தா வாவே மஜ்ஹூல். ஔ குடுத்தா வாவே லீன். நாலாவது, எழுத்துல இருக்கும் வாயில வராது, அது வாவே மஃதூலா, க்வாப்னு எழுதி காப்னு சொல்றோமே, கனவு, அது. யே-க்கும் அதே மாதிரி மஃரூஃப் ஈ, மஜ்ஹூல் ஏ, லீன் ஐ. மஃரூஃப்னா தெரிஞ்சது, மஜ்ஹூல்னா தெரியாதது. யாருக்கு தெரியாததுன்னு கேட்டேன். அரபிக்காரங்களுக்குன்னாரு. அரபில குறில் மூணு, அ இ உ. அதோட நீட்டம் மூணு, ஆ ஈ ஊ. அப்புறம் ஐ, ஔ. ஏ-யும் ஓ-வும் அங்க கெடையாது. எழுத்து அங்க இருந்து வந்துச்சி, சத்தம் இங்க இருந்துச்சி, அதனால இங்க இருக்கற ஏ ஓ ரெண்டுக்கும் பேரே 'தெரியாதது'ன்னு வெச்சிட்டாங்க. வீட்டுக்காரன அடையாளம் தெரியாத ஆளுன்னு சொன்ன கதை.

ஈரான் ஃபார்ஸில அந்த ஏ ஓ ரெண்டும் காலப்போக்குல ஈ ஊ-வோட கலந்துடுச்சாம். தெஹ்ரான்ல இப்ப பாலும் ஷீர், சிங்கமும் ஷீர், போதாக்கொறைக்கு தண்ணி பைப்பும் ஷீர். காபூல்ல இன்னும் சிங்கம் ஷேர், பால் ஷீர். நம்ம பக்கம் ஃபார்ஸி அந்த பழைய சத்தத்தோட வந்ததால உருதுலயும் ரெண்டும் தனியா நிக்குது. என் ப்ரோக்ராம் சிங்கத்துக்கும் பாலுக்கும் வித்தியாசம் தெரியாம முழிச்சதுல தெஹ்ரான்காரன் தப்பு சொல்ல மாட்டான்.

வீட்டுக்கு வந்து ஒரு பேப்பர்ல தமிழ் உயிரெழுத்து பன்னெண்டும் எழுதி எதிர்ல உருது எழுதினேன். அ ஜபர், ஆ அலிஃப், இ ஜேர், ஈ யே மஃரூஃப், உ பேஷ், ஊ வாவ் மஃரூஃப், ஏ யே மஜ்ஹூல், ஐ யே லீன், ஓ வாவ் மஜ்ஹூல், ஔ வாவ் லீன். பத்து. எ-வும் ஒ-வும் மட்டும் எதிர்ல காலி. நம்ம பன்னெண்டுல ரெண்டு கொறச்சா உருது பத்து கரெக்டா உக்காருது, ஏதோ அளவெடுத்து தெச்ச மாதிரி. அந்த காலி ரெண்டும் கூட அப்புறம் வந்து நொழஞ்சிச்சி, பக்கத்துல ஹே இருந்தா ஜபர் எ ஆயிடுது, பேஷ் ஒ ஆயிடுது. எழுத்துப்படி பஹ்லா, வாயில பெஹ்லா. எழுத்துப்படி முஹப்பத், வாயில மொஹப்பத். தங்கச்சிய பஹன்னு எழுதி பெஹன்னு தான் கூப்புடறோம். இத ரூலா போட்டப்ப வந்த ரிசல்ட்ட அம்மி, எங்க அம்மா, படிச்சிட்டு இப்ப தான் நம்ம வீட்டு பேச்சு மாதிரி இருக்குன்னாங்க. ஆனா பஹுத்துக்கு இந்த ரூல் "பெஹொத்"னு குடுக்கும், தாதி சொன்னது "போத்". அத தனியா எழுதி வெச்சேன்.

ஹஜ்ரத் இன்னொன்னும் சொன்னாரு, எனக்கு அது ரொம்ப புடிச்சிது. குர்ஆன் ஓதற தஜ்வீதுல குறில் ஒரு ஹரகத், சாதாரண மத், அதாவது நீட்டம், ரெண்டு ஹரகத், சில எடத்துல ஆறு ஹரகத் வரைக்கும் இழுக்கணும். விரல மடக்கி எண்ணுவோம் சின்ன வயசுல. எட்டாவதுல தமிழய்யா குறிலுக்கு ஒரு மாத்திரை நெடிலுக்கு ரெண்டு மாத்திரை அளபெடைக்கு மூணுன்னு சொல்லி குடுத்தப்ப நானும் பக்கத்துல ஒக்காந்தவனும் விரல மடக்கிகினு இருந்தோம், அவரு இன்னாடா பண்றீங்கன்னு கேட்டாரு, இப்ப தான் பதில் கெடச்சிருக்கு.

சரி, அரபிக்காரங்க எப்டி குறில் எழுதாம சமாளிக்கறாங்கன்னு தோணும். அங்க வார்த்தைக்கு எலும்பு மூணு மெய். காஃப் தே பே மூணும் சேந்தா எழுதறது சம்பந்தமான ஏதோ ஒன்னு, நடுவுல எந்த உயிர் வருதுன்றத வெச்சி கிதாப் புஸ்தகம், காதிப் எழுதறவர், குதுப் புஸ்தகங்க, முன்னாடி ஒரு மீம் சேத்தா மக்தப், எழுத படிக்க கத்துக்கற எடம். இலக்கணம் தெரிஞ்சவன் வாக்கியத்த பாத்து உயிர ரொப்பிடுவான். அப்பவும் குர்ஆன்ல தப்பு வரக்கூடாதுன்னு தான் குறி போட ஆரம்பிச்சாங்க. அபுல் அஸ்வத் துஅலின்னு ஏழாம் நூற்றாண்டு ஆளு, மேல புள்ளி வெச்சா அ, கீழ வெச்சா இ, பக்கத்துல வெச்சா உன்னு வேற கலர் மையில ஆரம்பிச்சி வெச்சதா சொல்வாங்க. அடுத்த நூற்றாண்டுல பஸ்ராவுல கலீல் இப்னு அஹ்மத் தான் இப்ப இருக்கற மாதிரி படுத்த கோடும் குட்டி வாவும் கொண்டு வந்ததா சொல்றாங்க. பேஷ உத்து பாருங்க, அது குட்டி வாவே தான்.

உருதுல அந்த மூணு எலும்பு கணக்கு அரபில இருந்து வந்த வார்த்தைக்கு தான் ஒதவும், ஹிந்தி பக்கம் இருந்து வந்த வார்த்தைக்கு ஒதவாது. ஆனா அதையே நான் ஒரு ரூலா மாத்தினேன், இந்த ப்ராஜெக்ட்லயே நான் பெருமைப்படற ஒரே வரி அது தான். அரபில ஏ ஓ கெடையாதுல்ல. அப்ப ஒரு வார்த்தைல ஐன், பெரிய ஹே, ஸ்வாத், லுவாத், தோய், ஜோய், காஃப்ல பெரிய காஃப், இந்த மாதிரி அரபி முத்திரை எழுத்து இருந்தா யே-வும் வாவும் மஜ்ஹூலா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, ஈ ஐ, ஊ ஔ, அவ்ளோ தான். மூணு சாய்ஸ் ரெண்டாச்சி. ஹலீம் உடனே சரியாச்சி, ஈத் சரியாச்சி, கீமா சரியாச்சி. மாறா டே, டால்னு நாக்க மடிக்கற எழுத்தோ ரெட்டக்கண்ணு ஹே-வோ இருந்தா அது ஹிந்தி பக்கத்து சரக்கு, மூணும் வரலாம். ஆள் பேருல இந்த ரூல் கொஞ்சம் வழுக்கும். துஃபைல்ன்ற பேரு "தஃபீல்"னு வரும். ஹஸன்ற பேரும் அழகுன்ற ஹுஸ்னும் ஒரே மூணு எழுத்து, உமர்ன்ற பேரும் வயசுன்ற உம்ரும் ஒரே மூணு எழுத்து. கடன் கணக்கு பக்கத்துல பேரெல்லாம் ஆபா கிட்ட கேட்டு கையால தான் போட்டேன், யாரு எவ்ளோ வாங்கினாங்கன்றது வெளிய சொல்ல மாட்டேன்.

நடுராத்திரில வேற பாஷைங்க இன்னா பண்றாங்கன்னும் பாத்தேன், கொஞ்சம் பொறாமையா இருந்துச்சி. உய்குர்காரங்க இதே அரபி எழுத்துல எட்டு உயிருக்கும் தனித்தனி எழுத்து வெச்சிட்டாங்க, வாவுக்கு மேலயே வேற வேற குறி போட்டு நாலு எழுத்தாக்கி எல்லாத்தையும் கட்டாயம் எழுதறாங்க. ஸொரானி குர்திலயும் கிட்டத்தட்ட எல்லா உயிரும் எழுத்துல வந்துடும், காஷ்மீரிலயும் குறி போட்டு எழுதிடறாங்க. துருக்கிகாரங்களுக்கு எட்டு உயிர், அரபி எழுத்துல அது அடங்காம கஷ்டப்பட்டு 1928ல லத்தீன் எழுத்துக்கே போயிட்டாங்க. நம்ம பக்கத்துலயே தமிழ அரபி எழுத்துல எழுதின அர்வில எ ஏ ஒ ஓ-வுக்குன்னு தனியா குறி சேத்தாங்க, உயிர்க்குறியும் போட்டு தான் எழுதினாங்க. எழுத்து மேல குத்தம் இல்ல, போட்டா போடலாம். உருதுக்காரங்க போடறதில்ல, ஏன்னா படிக்கறவனுக்கு ஏற்கனவே பாஷை தெரியும்னு நம்பிக்கை.

தமிழ் இதுல ஒழுங்குன்னு நெனச்சிகினு இருந்தேன். தமிழ் டீச்சர் ஃப்ரண்டு ஒருத்தன் கிட்ட சொன்னா சிரிக்கறான். ஓலைச்சுவடில புள்ளி வெச்சா ஓலை கிழியும்னு வெக்க மாட்டாங்களாம். எ, ஒ குறிலுக்கு புள்ளி வெக்கணும்னு தொல்காப்பியம் சொல்லுது, புள்ளி இல்லன்னா நெடில். புள்ளியே வெக்காத ஓலைல கெ எது கே எது, எல்லாம் படிக்கறவன் பாடு. வீரமாமுனிவர் வந்து கொம்ப மேல சுழிச்சி நெடில தனியா காட்டினதுக்கு அப்புறம் தான் அந்த தகராறு தீந்துச்சின்னு சொன்னான். அதோட விட்டானா, "நீங்க உயிர மறைக்கறீங்க, நாங்க மெய்ய மறைக்கறோம், உன் ப்ரோக்ராம்ல க எழுதினா கா-வா கா-வா எப்டி தெரியும்"னு கேட்டான், அத வாயில சொன்னப்ப தான் வித்தியாசம் கேட்டுச்சி, இங்க எழுதினா ரெண்டும் ஒன்னா தான் தெரியுது, அது தான் அவன் சொல்ல வந்தது. கீ-ன்னா நெய்யும் கீ, 'உடைய'ன்ற கீ-யும் கீ. அதுக்கு நான் ஒன்னும் பண்ணல. எங்க வீட்டு பசங்களுக்கு காதுல இருக்கு, பாத்துப்பாங்க.

ரூலெல்லாம் போட்டும் மிச்சம் நின்னது ஒரு நாப்பது வார்த்தை. அதுங்க தான் ரொம்ப அடிக்கடி வரதுங்க, அது தான் கொடுமை. அலிஃப் ஸீன், இவ்ளோ தான், அது "இஸ்"ஸா "உஸ்"ஸா, இதுவா அதுவா. "இதர்" இங்க, "உதர்" அங்க, ரெண்டுக்கும் ஒரே எழுத்து. ஆபாவும் தாதி எழுதின மாதிரி தான் டைப் பண்ணியிருக்காங்க, மேல பேஷ் போடல. மீம் யே நூன்-குன்னா, அது "மே"ன்னா உள்ள, "மை"ன்னா நான். தாதி சமையல் எழுதறப்ப எல்லாமே உள்ள தான், தேல் மே, பானி மே, சட்டி மே. கை வைத்தியம் பக்கத்துல பாதி நான். அதனால முன்னாடி வார்த்தை பொருள் பேரா இருந்தா மே, வரி ஆரம்பத்துல வந்தா மைன்னு ரூல். பே யே காஃப் நூன் பைகன், கத்திரிக்கா. கடைசி எழுத்து மட்டும் மாறி மீம் வந்தா பேகம். இத ரெண்டையும் லிஸ்ட்ல அடிச்சி போட்டேன், இல்லன்னா கட்டா பைகன்ற எடத்துல அந்தம்மா யாருன்னு கேப்பாங்க. "ஹவா" காத்து, "ஹுஆ" ஆச்சி, ரெண்டும் ஒன்னு, சமையல்ல காத்து எங்க வரப்போவுதுன்னு எல்லாத்தையும் ஹுஆ ஆக்கினேன், ஊறுகா பக்கத்துல "காத்து படாம வை"ன்ற வரி "ஆச்சி படாம வை"ன்னு வந்துச்சி.

சந்தேகம் இருக்கற எடத்துல ப்ரோக்ராம் தானா முடிவு பண்ணாம ரெண்டையும் கோடு போட்டு எழுதட்டும்னு கடைசில மாத்திட்டேன். ஹல்வா சம்பவத்துக்கு அப்புறம் அது தான் சேஃப். பால் கணக்க விட்டுட்டு மிச்சத்த ஓட்டினதுல கோடு போட்ட எடம் அறுவது சொச்சம் வந்துச்சி. அத லிஸ்ட் எடுத்து பூப்புக்கு வாட்ஸ்அப்ல நானே வாய்ஸ்ல படிச்சி அனுப்பினேன், கண்ணுக்கு வேலை வேணாம்னு. அவங்க ஒவ்வொன்னா பதில் அனுப்பினாங்க, நடுவுல தாதிய நெனச்சி ரெண்டு மெசேஜ் அழுகை, ஒரு மெசேஜ்ல பௌன் பாவ் நெய் கூட பத்தாது ஹல்வாவுக்கு, தாதி எழுதினது ஒன்னு ஊத்தினது ஒன்னுன்னு ரகசியம்.

ஒரே ஒரு வரி மட்டும் நின்னுச்சி. கை வைத்தியம் முடிஞ்சி பால் கணக்கு ஆரம்பிக்கற பக்கத்துல, தனியா, "பே யே ரே, கோ, தேல், ஆத் பாவ்". பே யே ரே-வ பீர்னு படிச்சா திங்கக்கெழம. பைர்னு படிச்சா நடக்கற காலு. திங்கக்கெழம எண்ணெய் அரைக்கால்னா கணக்கு. காலுக்கு எண்ணெய்னா வைத்தியம். மேல இருக்கற வரி முட்டி வலிக்கு இன்னா பண்ணனும்னு, கீழ இருக்கற வரி பால்காரருக்கு எவ்ளோ பாக்கின்னு, ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு. அம்மி பீர்ன்றாங்க, ஆபா பைர்ன்றாங்க, ஹஜ்ரத் கிட்ட கேட்டா பக்கத்த பாக்காம சொல்ல மாட்டேன்னு பக்கத்த பாத்துட்டு சிரிச்சிட்டு திருப்பி குடுத்தாரு.

பூப்பு கிட்ட கேட்டேன். "எண்ணெய்க்காரரு நம்ம தெருவுக்கு வரதே திங்கக்கெழம தாண்டா. தாதி வாங்கறதே காலுக்கு தான். இப்ப நான் எத சொல்றது"ன்னாங்க.

ஃபைல்ல அந்த வரில "பீர்/பைர் கோ தேல்"னு கோட்ட அப்டியே விட்டுட்டேன். அடுத்தது பால் கணக்கு பக்கம் முப்பத்திரெண்டு இருக்கு, அதுல எண்ணு தான் நெறைய, ஸவா டேட் டாயி எல்லாம் லிஸ்ட்ல ஏத்தி வெச்சிட்டேன், ஞாயித்துக்கெழம ஓட்டணும்.